குத்தின் கனத்தை வாங்கியவரிடம் கேட்க வேண்டும்

உயர்தர வகுப்பில் உந்தமும் கணத்தாக்கும் படிப்பிக்கும் நாட்களில் குத்துச்சண்டையை உதாரணமாக எடுப்பது என் வழக்கம். அந்தப் பாடம் நடக்கும் ஒவ்வோர் ஆண்டும், வகுப்பு முடிந்து நான் சைக்கிளை எடுக்கப் போகும்போது யாராவது ஒரு மாணவன் வந்து, "சேர், டைசனோ போர்மனோ, ஆரின்ர அடி பெரிசு?" என்று கேட்பான். இந்த ஆண்டும் ஒருவன் கேட்டான். உலக ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) சம்பியன்களாக இருந்த அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர்கள் மைக் டைசனையும் ஜோர்ஜ் போர்மனையும் பற்றிய கேள்வி. ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிட மனம் வரவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நானும் எனக்குள் கேட்டு வந்த கேள்வி அது. அவனுக்குச் சொன்னதையும், நேரம் போதாமல் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பௌதிகவியல் படிப்பிப்பவன் என்பதால் முதலில் என் கை போனது அளவீட்டிடம்தான். 1985இல் பிரித்தானிய மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வெளியான ஒரு சிறிய ஆய்வு, இங்கிலாந்தின் ஹெவிவெயிட் வீரர் ஃபிராங்க் புரூணோவின் குத்தை அளந்தது. ஊசல்போலத் தொங்கவிடப்பட்டு மெத்தை சுற்றப்பட்ட இலக்கு ஒன்றை அவர் குத்தினார். முட்டி செக்கனுக்கு 8.9 மீற்றர் வேகத்தில் வந்து மோதியது. தொட்டதிலிருந்து 14 மில்லிசெக்கனுக்குள் விசை 4,096 நியூட்டனை எட்டியது. இலக்குக்குக் கிடைத்த ஆர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலைப் போல 53 மடங்கு. 6 கிலோகிராம் திணிவுள்ள, மெத்தை சுற்றிய மரச் சம்மட்டி ஒன்றை மணிக்கு 20 மைல் வேகத்தில் வீசி அடிப்பதற்கு இது சமம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். மாணவர்களுக்கு இதை நான் வேறு விதமாகக் கணக்கிட்டுக் காட்டுவேன்: 6 கிலோ எடையுள்ள கல்லொன்று ஏறத்தாழ 4 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்து நிலத்தைத் தொடும்போது என்ன வேகத்தில் இருக்குமோ, புரூணோவின் கைக்கும் அதே வேகம், அதே திணிவு. இயக்கப்பாட்டுச் சக்தி ஏறத்தாழ 240 யூல்.

இந்த எண்களில் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது அந்த 6 கிலோதான். மனிதனின் ஒரு முழுக் கையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. நூறு கிலோவுக்குச் சற்று அதிகமான புரூணோவுக்கு அது ஐந்து கிலோவை ஒட்டி வரும். ஆனால் தோள், முழங்கை, மணிக்கட்டு என்று மூன்று இடங்களில் மடியக்கூடிய ஒரு கை, கட்டிப் பிடித்த சம்மட்டித் தலைபோல ஒரே துண்டாக மோதுவதில்லை. அப்படியிருந்தும் 6 கிலோவுக்குச் சமமான அடி விழுந்திருக்கிறது என்றால், கை முழுவதும், அதற்குப் பின்னால் உடம்பில் ஒரு பங்கும் அந்தப் பதினான்கு மில்லிசெக்கனுக்குள் ஒன்றாக இறுகியிருக்க வேண்டும். குத்தின் பலம் புயத்தின் பருமனில் இல்லை என்பது இதனால் தெளிவாகிறது.

இதை நான் எண்களில் படிப்பதற்கு முன்பே கண்ணால் கண்டிருக்கிறேன். 1991இல் எங்கள் கிணற்றில் தண்ணீர் கீழே இறங்கிவிட்டபோது அடியிலிருந்த சுண்ணக்கல்லை இன்னும் இரண்டு முழம் உடைக்க வேண்டியிருந்தது. வெடி வைத்துக் கல் பிளப்பதை நினைத்தும் பார்க்க முடியாத காலம் அது. பெரியப்பாதான் அலவாங்கும் ஆப்பும் சம்மட்டியுமாக உள்ளே இறங்கினார். கிணற்றுக் கட்டின்மேல் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவருடைய முதுகும் குதிக்காலும் மட்டும் தெரிந்தன. சம்மட்டி மேலே போகும்போது வலது குதிக்கால் நிலத்தை விட்டு எழும்பும். இறங்கும்போது அந்தக் காலும் இடுப்பும் முதலில் திரும்பும். தோளும் கையும் பின்னால் வந்து சேரும். ஆப்பின் தலையைத் தொடும் அந்த ஒரு கணம் மட்டும் விரல்கள் பிடியை இறுக்கும், மற்ற நேரமெல்லாம் தளர்ந்தே இருக்கும். மாலையில் நானும் ஒருமுறை தூக்கி அடித்துப் பார்த்தேன். கை அதிர்ந்து பிடி நழுவியது, ஆப்பு அசையவில்லை. "கையால அடிக்காதை தம்பி, காலால அடி" என்றார் பெரியப்பா. பிற்காலத்தில் குத்துச்சண்டைப் பயிற்சியாளர்கள் சொல்வதைக் கேட்கக் கேட்க, அவர்கள் எல்லோரும் இந்த ஒரு வசனத்தையே விரித்துச் சொல்வதாக எனக்குத் தோன்றியது. குத்துச்சண்டை வீரர்கள் பயிற்சிக்காக விறகு கொத்தும் பழைய வழக்கத்துக்கும் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் அளவீடு இந்த இடத்திலேயே என்னைக் கைவிட்டுவிடுகிறது. 4,096 நியூட்டன் என்று பதிவான அதே புரூணோ, 1989 பெப்ரவரியில் லாஸ் வேகஸில் மைக் டைசனைச் சந்தித்தார். முதலாம் சுற்றின் கடைசிப் பகுதியில் அவருடைய இடது ஹூக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) டைசனின் தலையில் விழுந்தது. டைசன் தடுமாறினார், விழவில்லை. ஐந்தாம் சுற்றில் சண்டை நிறுத்தப்பட்டபோது அடிபட்டு நின்றவர் புரூணோ. ஆய்வுகூடத்து ஊசலுக்குக் கழுத்துத் தசை கிடையாது. அது குனிவதில்லை, அடி வருவதைக் கண்டு பல்லைக் கடித்துக்கொள்வதுமில்லை. எதிரே நிற்பவனுக்கு அவை எல்லாம் உண்டு. ஆகவே விசையைத் தனியே எடுத்துக்கொண்டு இரண்டு வீரர்களை ஒப்பிட முடியாது.

வெற்றிக் கணக்கை வைத்து ஒப்பிடுவோரும் உண்டு. ரொக்கி மார்சியானோவுக்கு 49 வெற்றிகளில் 43 நொக்-அவுட் (எதிராளி தொடர முடியாமல் சண்டை முடிவது). போர்மனுக்கு 76இல் 68. டைசனுக்கு 50இல் 44. டியொன்டே வைல்டருக்கு 2022 முடிவு வரை 43இல் 42. விகிதத்தால் முடிவு செய்வதென்றால் வைல்டர் முதலிடம் பெறுவார், 66 வெற்றிகளில் 52 நொக்-அவுட் பெற்ற ஜோ லூயிஸ் கடைசிக்குப் போவார். லூயிஸின் குத்தை அறிந்தவர் எவரும் அதை ஏற்கமாட்டார். 1938 ஜூன் 22ஆம் திகதி மக்ஸ் ஷ்மெலிங்கை அவர் 124 செக்கனில் முடித்தார். விகிதம் எதிராளிகளின் தரத்தைச் சொல்வதில்லை என்பதால் அதை நான் பெரிதாக எடுப்பதில்லை.

மிஞ்சுவது சாட்சியம். ஒரே காலத்தில் வாழ்ந்த இரண்டு பெரிய குத்துக்காரர்களின் அடியையும் தன் தலையில் வாங்கி, பிறகு எழுந்து நின்று பேசக்கூடிய நிலையில் இருந்தவர்களே இந்த வழக்கில் நம்பத்தக்க சாட்சிகள். 1970களின் ஹெவிவெயிட் பிரிவு இதற்குக் கிடைத்த பெரிய வரம். பெரிய வீரர்களில் பலர் ஒருவரோடு ஒருவர் மோதினார்கள்.

அந்தச் சாட்சிகளில் முதல்வர் முகமது அலி. சொனி லிஸ்டன், ஜோ ஃபிரேஸியர், ஜோர்ஜ் போர்மன், கென் நோர்ட்டன், ரொன் லைல் ஆகிய அனைவரின் கையையும் அவர் அறிந்தவர். ஃபிரேஸியரின் இடது ஹூக் 1971 மார்ச்சில் பதினைந்தாம் சுற்றில் அவரை மல்லாக்க விழுத்தியது. 1974இல் கின்ஷாசாவில், அதிகாலை நான்கு மணியளவில் தொடங்கிய சண்டையில், கயிற்றில் சாய்ந்தபடி போர்மனின் குத்துக்களை ஏழு சுற்றுகளாகப் புயத்திலும் விலாவிலும் வாங்கினார். அன்றைய போர்மன் 40 சண்டைகளில் தோல்வியே அறியாதவர், அவற்றில் 37 நொக்-அவுட். இவ்வளவையும் கண்ட அலி, தன்னை மிகக் கனமாக அடித்தவர் என்று பெயர் சொன்னது ஏர்னி ஷேவர்ஸை. ஆபிரிக்காவிலிருக்கும் தன் உறவுக்காரரும் ஆடிப்போகும்படி ஷேவர்ஸ் அடித்தார் என்று அவர் சொன்னது பெயர்பெற்ற வாக்கியம்.

அலி மிகைப்படுத்திப் பேசுபவர் என்று அதைத் தள்ளிவிடலாம். அதனால் அடுத்த சாட்சியாக ரொன் லைலைக் கூப்பிடுகிறேன். 1975 செப்டம்பரில் டென்வரில் ஷேவர்ஸ் அவரை இரண்டாம் சுற்றில் விழுத்தினார். லைல் எழுந்து ஆறாம் சுற்றில் ஷேவர்ஸை வென்றார். நாலு மாதம் கழித்து, 1976 ஜனவரியில், போர்மனுடன் மோதினார். இருவரும் மாறி மாறி விழுந்த அந்தச் சண்டை ஐந்தாம் சுற்றில் லைலின் தோல்வியுடன் முடிந்தது. அவரை வென்றவர் போர்மன், அவர் வென்றது ஷேவர்ஸை. அப்படியிருந்தும், தான் வாங்கியதில் மிகக் கனமான அடி ஷேவர்ஸுடையது என்றே லைல் சொன்னார். வென்றவரை உயர்த்திச் சொல்லித் தன் தோல்விக்கு மதிப்புத் தேடுவது மனித இயல்பு. லைல் அதற்கு மாறாகச் சொன்னதால் அவருடைய சாட்சியத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

மூன்றாமவர் லரி ஹோம்ஸ். ஷேவர்ஸையும் டைசனையும் சந்தித்த அவர், ஷேவர்ஸின் அடியே கனமானது என்று பலமுறை கூறியவர். டைசன் அவரை 1988 ஜனவரியில் நான்காம் சுற்றில் மூன்றுமுறை விழுத்திச் சண்டையை முடித்தார். அப்போது ஹோம்ஸுக்கு வயது 38, ஓய்விலிருந்து திரும்பி வந்தவர். ஷேவர்ஸைச் சந்தித்தபோதோ அவர் தன் உச்சத்தில் இருந்தார். 1979 செப்டம்பர் 28, லாஸ் வேகஸ், ஏழாம் சுற்று. அதுவரை ஹோம்ஸின் இடது ஜாப் (நேராக நீட்டித் தட்டும் குத்து) ஷேவர்ஸின் முகத்தைத் தட்டித் தட்டித் தூரத்தில் நிறுத்தி வைத்திருந்தது. ஷேவர்ஸ் தன் வலது கையைத் தோளுக்கு மேலால் சுற்றி இறக்கினார். ஹோம்ஸ் கால் மடிந்தோ கயிற்றைப் பிடித்தபடியோ விழவில்லை. நின்ற உடம்பு நின்றபடியே பின்னால் சாய்ந்து தரையில் விழுந்தது. பார்ப்பவர் எவருக்கும் சண்டை முடிந்துவிட்டது என்றே தோன்றும். ஆனால் நடுவர் பத்து வரை எண்ணி முடிப்பதற்குள் ஹோம்ஸ் எழுந்தார், தள்ளாடியபடியே அந்தச் சுற்றைக் கடந்தார், பதினோராம் சுற்றில் ஷேவர்ஸை நிறுத்தினார்.

ஷேவர்ஸின் பெருமையும் குறையும் அந்த ஒரு சுற்றுக்குள் அடங்கியிருக்கின்றன. ஹோம்ஸ் எழுந்த பிறகு அவர் அவசரப்பட்டார். அடுத்த குத்துக்கள் பெரிதாக வீசப்பட்டன, எங்கிருந்து வருகின்றன என்று முன்கூட்டியே தெரிந்தன, பெரும்பாலானவை சரியாகப் படவில்லை. 1977இல் அலியுடனான பதினைந்து சுற்றுகளிலும் அதுவே நடந்தது. இரண்டாம் சுற்றில் வலது கை ஒன்று அலியை உலுக்கியபோது, கண்ணை விரித்துக் கேலிக்கு நடுங்குவதுபோல நடித்து அலி அதை மறைத்தார், ஷேவர்ஸ் நம்பிவிட்டார். அந்த இரவு அலி வென்றார் என்றாலும், அதற்குப் பிறகு வந்த பரிசோதனை முடிவுகளில் அவருடைய சிறுநீரகத்தின் நிலையைக் கண்ட மருத்துவர் ஃபெர்டி பசெக்கோ, சண்டையை விடும்படி சொல்லியும் கேட்கப்படாமல் அவருடைய குழுவை விட்டு விலகினார். குத்தின் கனத்தைப் பேசும்போது இதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அலி வென்ற சண்டைகளும் அவருடைய உடம்பிலிருந்தே விலையை எடுத்தன.

ஷேவர்ஸிடம் இல்லாதது டைசனிடம் இருந்தது. தனிக் குத்தின் எடையில் டைசன் போர்மனுக்கோ ஷேவர்ஸுக்கோ மேலானவர் என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்த எடையை எதிராளி காணாதபடி நாடிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் அவருக்கு நிகராக ஹெவிவெயிட் பிரிவில் எவரையும் நான் காணவில்லை. ஒரு குத்து மயக்கத்தைத் தருவது அது தலையை நேராகப் பின்னுக்குத் தள்ளுவதால் மட்டுமல்ல. தலையை வேகமாகத் திருப்புவதால்தான் பெரும்பாலும் அது நடக்கிறது. நாடி, கழுத்தெலும்பு என்ற சுழலிடத்திலிருந்து தூரத்தில் இருப்பதால், கதவின் கைப்பிடிபோல, சிறிய விசைக்கும் பெரிய திருப்பத்தைத் தருகிறது. மண்டையோடு திரும்பிவிடும், உள்ளிருக்கும் மூளை பிந்தித் திரும்பும். அடி வருவதைக் கண்டவன் கழுத்தை இறுக்குவான், அப்போது தலையோடு உடம்பின் திணிவும் சேர்ந்துகொள்ளும். காணாதவனுக்குத் தலை மட்டுமே இருக்கிறது.

1986 நவம்பர் 22ஆம் திகதி, இருபது வயதில், ட்ரெவர் பெர்பிக்கை வென்று டைசன் மிக இளம் வயது ஹெவிவெயிட் சம்பியனானார். இரண்டாம் சுற்றில், முதலில் வலது கை உடம்புக்குப் போனது. பெர்பிக்கின் கவனம் கீழே இருந்தபோது இடது ஹூக் காதுப்பக்கமாக வந்து விழுந்தது. அது நீண்ட குத்தில்லை, ஒரு சாண் தூரம் பயணித்திருந்தால் அதிகம். பெர்பிக் விழுந்தார், எழுந்தார், கால் தன் சொல்லைக் கேளாமல் மேடையின் மறுபக்கத்துக்குப் போய் விழுந்தார், மறுபடி எழப் பார்த்து மறுபடி விழுந்தார். ஒரே அடிக்கு மூன்று விழுகை. நடுவர் மில்ஸ் லேன் அவரைக் கட்டிப்பிடித்து நிறுத்தினார். ஒரு வருடமும் ஏழு மாதமும் கழித்து, அதுவரை தோல்வியறியாத மைக்கல் ஸ்பிங்ஸ் 91 செக்கன் மட்டுமே நின்றார்.

போர்மனின் கை வேறு இனம். அவருடைய குத்து மறைந்து வருவதில்லை, வேகமாகவும் வருவதில்லை. கின்ஷாசாவில் பயிற்சிப் பையை அவர் குத்தும் படச்சுருளில், கை பட்ட இடத்தில் பை கிண்ணம்போலக் குழிந்து கிடப்பதைக் காணலாம். 1973 ஜனவரியில் ஜமெய்க்காவின் கிங்ஸ்டனில் ஜோ ஃபிரேஸியரை இரண்டு சுற்றுக்குள் ஆறு தடவை விழுத்தினார். அவற்றில் ஒரு குத்து ஃபிரேஸியரின் இரண்டு கால்களையும் தரையிலிருந்து தூக்கியது. 93 சண்டைகளில் ஒருமுறையேனும் விழாத கனடாவின் ஜோர்ஜ் சுவாலோவையும் 1970இல் போர்மன் மூன்றாம் சுற்றில் நிறுத்தியிருந்தார். சுவாலோ அன்றும் விழவில்லை, ஆனால் கயிற்றில் சாய்ந்து அடிவாங்கிக்கொண்டிருந்தவரை நடுவர் காப்பாற்ற வேண்டியிருந்தது. புயத்தால் தடுத்தால் புயம் செத்துப்போகும், கையுறையால் மறைத்தால் கையுறையோடு சேர்த்துத் தலை தள்ளுப்படும். நேரே படாத அடியும் வேலை செய்தது என்பதே போர்மனின் தனித்தன்மை.

அவரைப் பற்றி எழுதும்போது 1994 நவம்பரைத் தாண்டிப் போக என்னால் முடியாது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரி வர அனுமதி இல்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, தம்பி பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலி கேட்போம். சுற்று மெதுவானால் குரல் கம்மும். அந்த ஞாயிறு இரவு பிபிசி ஆங்கிலச் செய்தியின் கடைசியில், 45 வயதான போர்மன் 26 வயதான மைக்கல் மூரரைப் பத்தாம் சுற்றில் விழுத்தி உலகப் பட்டத்தை மீட்டுவிட்டார் என்று வந்தது. கின்ஷாசாவில் இழந்ததை இருபது ஆண்டுகள் கழித்து எடுத்திருக்கிறார். பிற்காலத்தில் அந்தச் சண்டையைப் பார்த்தபோது அந்த முடிவுக் குத்து எவ்வளவு சிறியது என்பதைக் கண்டு வியந்தேன். மூன்று நடுவர்களின் புள்ளிகளிலும் பின்தங்கியிருந்த போர்மன், ஒன்பது சுற்றுகளாகப் பொறுமையாக முன்னே நடந்தார். பத்தாம் சுற்றில் ஓர் இடது, அதன் பின்னாலேயே குட்டையான ஒரு வலது, நேரே நாடிக்கு. மூரர் மல்லாந்து கிடந்தார். அன்று போர்மனின் மூலையில் நின்ற பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி, கின்ஷாசாவில் அலியின் மூலையில் நின்றவர். வயது வேகத்தை எடுத்துவிட்டது, கால்களை எடுத்துவிட்டது, கனத்தை எடுக்கவில்லை. குத்துக்காரனிடம் கடைசியாக விடைபெறுவது அடிதான் என்று குத்துச்சண்டைக்காரர்கள் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

தோற்றுக்கொண்டிருக்கும்போதே சண்டையை முடிக்கக்கூடிய கைகளுக்குத் தனி மரியாதை உண்டு. 1952இல் பிலடெல்பியாவில், பன்னிரண்டு சுற்றுகளாகப் பின்தங்கியிருந்த மார்சியானோ பதின்மூன்றாம் சுற்றின் தொடக்கத்தில் ஜேர்சி ஜோ வால்கொட்டை ஒரு வலது கையால் முடித்தார். இருவரும் ஒரே கணத்தில் வலதை விட்டார்கள், மார்சியானோவினுடையது குட்டையானது என்பதால் முந்திச் சேர்ந்தது. அப்போது அவர் எடை 184 இறாத்தல். இன்று அந்த எடையில் ஒருவரை ஹெவிவெயிட் என்று சேர்க்கவே மாட்டார்கள். வைல்டர் 2019இல் லூயிஸ் ஓர்டிஸிடம் ஆறு சுற்றுகளும் அடிவாங்கிக்கொண்டிருந்துவிட்டு ஏழாம் சுற்றில் ஒரு வலதால் முடித்தார். அவருடைய கை நீளமானது, நேரானது, சவுக்குபோல வருவது; எடை குறைவு, வேகம் அதிகம். இயக்கப்பாட்டுச் சக்தி வேகத்தின் வர்க்கத்துடன் கூடுவதை வகுப்பில் விளக்க எனக்கு அவரைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை. எனினும் டைசன் ஃபியூரி 2018இல் பன்னிரண்டாம் சுற்றில் அந்தக் கையால் விழுந்து எழுந்தார். 2021இல் நான்காம் சுற்றில் இரண்டு தடவை விழுந்தும் எழுந்து வென்றார்.

எடை குறைந்த பிரிவுகளை இங்கே விரிவாக எடுக்கவில்லை, ஆனால் ஒருவரைச் சொல்லாமல் விட மனமில்லை. 1990 நவம்பரில் ஸ்பெயினில் ஹேரல் கிரகாமிடம் ஜூலியன் ஜாக்சன் முழுவதுமாகத் தோற்றுக்கொண்டிருந்தார். ஒரு கண் வீங்கி மூடிவிட்டது, நான்காம் சுற்றுக்கு மேல் விடமாட்டோம் என்ற நிலை. கிரகாம் முன்னே வந்து அடித்த ஒரு நொடியில் ஜாக்சன் ஒரு வலது கையை விட்டார். கிரகாம் தரையைத் தொடும் முன்பே நினைவிழந்திருந்தார். 55 வெற்றிகளில் 49 நொக்-அவுட் பெற்ற அந்த மனிதரை, எடைக்கு எடை வைத்துப் பார்த்தால், மேலே சொன்ன எவருக்கும் கீழே வைக்க நான் ஒப்பமாட்டேன்.

மாணவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: ஒரே ஓர் அடியின் கனம் என்று கேட்டால் ஷேவர்ஸ், போர்மன், அதற்குப் பிறகே டைசன், ஒருவனை வீழ்த்தும் கலை என்று கேட்டால் டைசனும் ஜோ லூயிஸும் முன்னுக்கு வருவார்கள், ஷேவர்ஸ் பின்னுக்குப் போவார். அவன் ஷேவர்ஸின் பெயரை அன்றுதான் முதன்முதல் கேள்விப்பட்டான். மதிலோரம் நின்று என் தொலைபேசியில் அந்த ஏழாம் சுற்றைக் காட்டினேன். ஒருமுறை பார்த்துவிட்டு, தானே விரலால் பின்னுக்கு இழுத்து இன்னும் மூன்று தடவை பார்த்தான். ஷேவர்ஸைப் பற்றி ஏதாவது கேட்பான் என்று நின்றேன்.

"சேர், ஹோம்ஸ் என்னெண்டு எழும்பினவர்?" என்று கேட்டான்.